‘எப்படித் தெரியும்?’ – ஒரு சுற்றுலாக் கையேடு கற்றுத்தந்த கேள்வி

நான் ரோமுக்குப் போனதில்லை. ஆனால், ரோமுக்குப் போகும் மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

பல்கலைக்கழகத்தில் சென்ற பருவத்தில் எடுத்த ஒரு பாடத்திற்காக நால்வர் சேர்ந்து செய்த திட்டப்பணி அது. ரோம் நகரின் பழங்காலச் சின்னங்களை ஆராய்ந்து, விடுமுறையில் அங்கே கல்விப் பயணம் செல்லவிருந்த மாணவர்களின் கையில் கொடுப்பதற்கு ஒரு சிறு கையேடு தயாரிக்க வேண்டும். படங்கள் நிறையக் கிடைத்தன. தகவல்கள் அதைவிட நிறையக் கிடைத்தன. இரண்டே மாலைப் பொழுதுகளில் முதல் வரைவை முடித்துவிட்டோம். பக்க வடிவமைப்பும் கண்ணைப் பறித்தது. மதிப்பெண் உறுதி என்றே நினைத்தோம்.

வரைவு திரும்பி வந்தபோது, விரிவுரையாளர் பல வாக்கியங்களின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: “எப்படித் தெரியும்?”

தவறு என்று அவர் எழுதவில்லை. எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டிருந்தார். நால்வரில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. இணையத்தில் இருந்தது, எடுத்து எழுதினோம், அவ்வளவுதான்.

அதன் பிறகு ஐந்து வாரம் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினோம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: மாணவர்கள் எழுதும் எந்தக் கையேடாக இருந்தாலும், ஒரு சின்னத்தின் உயரத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் சொன்னால் மட்டும் போதாது. அதைப் பற்றிய செய்தி நமக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நாம் செய்வது ஆராய்ச்சி ஆகாது. இன்னொருவர் எழுதியதை இடம் மாற்றி வைக்கும் வேலைதான்.

ஒரே கட்டடம், இரண்டு பதில்கள்

எங்கள் வரைவின் மூன்றாம் பக்கத்தில், பாந்தியன் ஆலயத்தைக் கட்டியவர் மார்க்கஸ் அக்ரிப்பா என்று இருந்தது. எட்டாம் பக்கத்தில், ஹேட்ரியன் கட்டிய பாந்தியன் என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தை எழுதியவள் நான். எட்டாம் பக்கத்தை எழுதியவர் குழுவின் இன்னொரு நண்பர். இருவரும் மற்றவர் எழுதியதைப் படிக்கவில்லை.

என் பக்கத்தில் நியாயம் இருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். கட்டடத்தின் நெற்றியிலேயே பெரிய லத்தீன் எழுத்துகளில் பொறித்திருக்கிறார்களே! லூசியஸின் மகனும் மும்முறை கான்சல் பதவி வகித்தவருமான மார்க்கஸ் அக்ரிப்பா இதைக் கட்டினார் என்பது அதன் பொருள். கல்லே சொல்லும்போது வேறு என்ன சான்று வேண்டும்?

ஆனால், அக்ரிப்பா கட்டிய ஆலயம் கி.பி. 80ல் தீயில் சேதமடைந்தது. சீர்செய்யப்பட்ட பிறகு, கி.பி. 110 வாக்கில் மின்னல் தாக்கி மறுபடியும் எரிந்தது. இன்று நாம் காண்பது அதன் பிறகு எழுந்த கட்டடம். ஹேட்ரியன் காலத்தில் அது நிறைவுபெற்றபோது, பழைய புரவலரின் பெயரையே முகப்பில் வைத்தார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ரோமானியச் செங்கற்சூளைகள் தங்கள் கற்களில் முத்திரை குத்துவது வழக்கம். சில முத்திரைகளில் அந்த ஆண்டின் கான்சல்களுடைய பெயர்களும் இருக்கும். அதை வைத்துக் கல் எந்த ஆண்டில் சுடப்பட்டது என்று சொல்லிவிடலாம். 1890களில் ஜார்ஜ் ஷெடான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பாந்தியனின் சுவர்களை ஆராய்ந்தபோது, அந்தச் செங்கற்கள் அக்ரிப்பா இறந்து நூறாண்டுக்கும் மேல் கழித்துச் செய்யப்பட்டவை என்பது தெரியவந்தது. ஹேட்ரியனுக்கு முன்பு ஆண்ட டிரேஜன் காலத்திலேயே வேலை தொடங்கிவிட்டது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இன்று இருக்கிறார்கள். அதற்கும் அதே முத்திரைகள்தான் அடிப்படை.

எல்லாரும் அண்ணாந்து படிக்கும் பெரிய எழுத்து ஒரு கதை சொல்கிறது. சுவருக்குள் மறைந்திருக்கும் சிறிய முத்திரை வேறொரு கதை சொல்கிறது. இதைக் கையேட்டில் நான்கு வரியில் எழுதினோம். 43.3 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தைப் பற்றிய வரி அதற்குக் கீழேதான் வந்தது. அங்கே போகும் மாணவர் அந்த முகப்பைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

துளைகளை வாசித்தவர்

கொலோசியம் பக்கத்தில் பென்சில் கோடுகள் இன்னும் அதிகம். ‘அறுபதாயிரம் அடிமைகள் பத்தே ஆண்டுகளில் கட்டியது’ என்று எழுதியிருந்தோம். பல இணையப் பக்கங்கள் இதைச் சொல்கின்றன. நாங்கள் கேட்டுப் பார்த்த செயற்கை நுண்ணறிவுச் செயலியும் தயக்கமே இல்லாமல் சொன்னது. ஆனால், அந்த எண்ணுக்கு ஆதாரமாக ஒரு பழைய நூலையோ கல்வெட்டையோ எங்களால் காட்ட முடியவில்லை. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அது மூன்றாவது பக்கத்தைக் காட்டியது. வட்டம் முடிந்ததே தவிர விடை வரவில்லை. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டோம்.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று தேடியபோது கிடைத்தது, அந்த எண்ணைவிடச் சுவையானது. கொலோசியத்தில் கிடைத்த ஒரு பளிங்குக் கல்லில், ஐந்தாம் நூற்றாண்டில் நடந்த ஒரு பழுதுபார்ப்பைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. அதே கல்லில், அந்த எழுத்துகளோடு சம்பந்தமே இல்லாத சிறு துளைகளும் இருக்கின்றன. அவை அதற்கு முன்பு அங்கே பதித்திருந்த வெண்கல எழுத்துகளின் ஆணித் துளைகள். எழுத்துகள் போய்விட்டன, துளைகள் மட்டும் மிஞ்சின. அந்தத் துளைகளின் இடைவெளிகளை வைத்தே பழைய வாசகம் என்னவாக இருந்திருக்கும் என்று கெசா ஆல்ஃபோல்டி என்ற வரலாற்று அறிஞர் 1995ல் ஒரு வாசிப்பை வெளியிட்டார். போரில் கைப்பற்றிய செல்வத்தைக் கொண்டு இப்புதிய அரங்கை எழுப்பப் பேரரசர் வெஸ்பேசியன் ஆணையிட்டார் என்பது அவர் வாசித்த செய்தி. ஆய்வாளர் பலரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தப் போர்? கி.பி. 70ல் ரோமானியப் படை ஜெருசலம் நகரை அழித்து, அங்கிருந்த யூதர்களின் ஆலயத்தைக் கொள்ளையடித்தது. படையை நடத்தியவர் வெஸ்பேசியனின் மகன் டைட்டஸ். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, கி.பி. 80ல், அவரே பேரரசராகக் கொலோசியத்தைத் திறந்து வைத்தார். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் டைட்டஸின் வெற்றி வளைவு. அதன் உட்புறச் சிற்பத்தில், வீரர்கள் அந்த ஆலயத்தின் ஏழு கிளை விளக்கைத் தோளில் சுமந்து ஊர்வலமாகப் போகிறார்கள்.

முதல் வரைவில் இந்த இரண்டு சின்னங்களும் தனித்தனிப் பக்கங்களில் இருந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. ‘எப்படித் தெரியும்’ என்று தேடியபோதுதான் ‘யார் பணத்தில்’ என்ற அடுத்த கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகு கொலோசியம் வெறும் பிரம்மாண்டமாகத் தெரியவில்லை. எரிந்துபோன ஒரு நகரத்தின் செல்வமும் அதற்குள் இருக்கிறது.

கட்டைவிரல் சங்கதியும் அப்படித்தான். தோற்ற வீரனைக் கொல்லச் சொல்ல ரோமானியர்கள் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார்கள் என்று எல்லாரும் நம்புகிறோம். லத்தீன் நூல்கள் சொல்வது ‘திருப்பிய கட்டைவிரல்’ என்று மட்டும்தான். எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று அவற்றிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. நம் மனத்தில் பதிந்த காட்சியைப் பரப்பியது, 1872ல் பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் தீட்டிய ஓர் ஓவியம். 2000ல் வெளிவந்த ‘கிளாடியேட்டர்’ படத்தின் இயக்குநருக்கும் உந்துதலாக இருந்தது அந்த ஓவியமே. ரோமைப் பற்றி நமக்குத் தெரியும் என்று நினைப்பதில் எவ்வளவு பங்கு ரோமிலிருந்து வந்தது, எவ்வளவு பங்கு திரையரங்கிலிருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கினோம்.

ரொட்டிக் கடைக்காரரின் கல்லறை

இன்னொரு குறையை நாங்களே கண்டுபிடித்தோம். எங்கள் பட்டியலில் இருந்த சின்னங்கள் எல்லாம் பேரரசர்களுடையவை. அவர்களுக்கு மாவு அரைத்தவர், எண்ணெய் சுமந்தவர், வாடகை வீட்டில் நெருக்கியடித்து வாழ்ந்தவர் எவருக்கும் ஒரு பக்கம்கூட இல்லை.

அவர்களைத் தேடினால் அவர்களும் கிடைக்கிறார்கள். போர்ட்டா மஜ்ஜோரே என்ற பழைய நகரவாயிலுக்கு வெளியே ஒரு விசித்திரமான கல்லறை நிற்கிறது. அதன் முகத்தில் வரிசை வரிசையாக வட்டத் துளைகள். அது யூரிசாசிஸ் என்ற ரொட்டித் தொழில் முதலாளியின் கல்லறை, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கல்லறையின் மேற்பகுதியைச் சுற்றி, தானியத்தை அரைப்பது, மாவு பிசைவது, ரொட்டி சுடுவது, எடை போடுவது என்று அவருடைய தொழிலையே சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பிற்காலத்தில் கட்டிய ஒரு கோபுரத்துக்குள் பல நூற்றாண்டுகள் புதைந்துகிடந்த அந்தக் கல்லறை, 1838ல் கோபுரத்தை இடித்தபோதுதான் வெளியே வந்தது. இன்று சாலையில் நின்றே பார்க்கலாம். கட்டணம் கிடையாது.

நகரின் தெற்கில் டெஸ்டாச்சோ என்ற மேடு இருக்கிறது. சுமார் 35 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்று இயற்கையானதன்று. ஒலிவ எண்ணெய் வந்து இறங்கிய மண்சாடிகளை உடைத்து உடைத்துக் கொட்டியதால் எழுந்த மலை. எண்ணெய் ஊறிய சாடிகளை மறுபடியும் பயன்படுத்துவது கடினம் என்பதால் ஒழுங்காக அடுக்கிக் கொட்டினார்கள். ஓடுகளில் பலவற்றில் எடையும் வணிகர் பெயரும் ஆண்டும் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. பேரரசுக்குள் எண்ணெய் எங்கிருந்து எவ்வளவு வந்தது என்பதை ஆய்வாளர்கள் அந்தக் குப்பையிலிருந்துதான் படிக்கிறார்கள். இன்றைய ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்து வந்ததே அதிகம்.

கேப்பிட்டலைன் குன்றின் அடிவாரத்தில், ஒரு பெரிய வெண்பளிங்கு நினைவுச்சின்னத்தின் நிழலில், இரண்டாம் நூற்றாண்டின் அடுக்குமாடி வீடொன்றின் எச்சமும் இருக்கிறது. கீழே கடைகள், மேலே மாடி மாடியாக வீடுகள். அடுக்குமாடியில் வளர்ந்த நம் மாணவர்களுக்கு அரண்மனையைவிட அந்த வீடு சட்டென்று புரியும் என்று நினைத்தோம். மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கினோம்.

என் பெருமிதத்துக்கு வந்த சோதனை

அடுத்து வந்ததுதான் எனக்குக் கடினமான பகுதி. பழைய ரோமின் நடுவே மேக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அந்த மண்டபம் எழுவதற்கு முன்பு அதே இடத்தில் மிளகும் நறுமணப் பொருள்களும் வைக்கும் கிடங்கு இருந்தது. அதைக் கட்டியவர் பேரரசர் டொமிஷியன்.

மிளகு என்று படித்ததும் எனக்கு ஒரே பரபரப்பு. அன்றிரவே எழுதினேன்: ‘தமிழர் அனுப்பிய மிளகு குவிந்திருந்த இடம் இது. தமிழ்நிலத்தின் மிளகில்தான் ரோமின் சமையலறை இயங்கியது.’ எழுதிவிட்டு இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன்.

மறுநாள் எங்கள் குழுவின் தோழி, சீனக் குடும்பத்துப் பெண், அதைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “எப்படித் தெரியும்?”

எனக்குக் கோபம் வந்தது. மற்றவர்களின் வாக்கியங்களை ஐந்து வாரமாக அதே கேள்வியால் அடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். இருந்தும் அது என் பக்கம் திரும்பியபோது, ஏதோ என் மொழியையே சந்தேகிப்பதுபோல் இருந்தது. இரண்டு நாள் கழித்து, கோபம் தணிந்த பிறகு, உண்மையாகவே தேடினேன்.

என்ன தெரியும்? ரோமுக்கு வந்த மிளகின் முக்கிய ஊற்று இந்தியாவின் தென்மேற்குக் கடற்கரை. அன்று அது சேர நாடு; இன்று கேரளம். யவனர் கப்பல்கள் மிளகுக்காக முசிறித் துறைக்கு வந்ததை அகநானூறு பதிவு செய்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, கிரேக்க மொழியில் எழுதிய ஒரு பாப்பிரஸ் ஆவணம் முசிறியோடு நடந்த கடல் வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறது. அது இன்று வியன்னாவில் இருக்கிறது. எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில், இந்தியாவில் செய்த ஒரு சாடிக்குள் சுமார் 7.5 கிலோ மிளகு அகழாய்வில் கிடைத்தது. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியே போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். தமிழ் நூல், கிரேக்க ஆவணம், எகிப்து மண், ரோமானியரின் புலம்பல் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சாட்சிகள் ஒரே திசையைக் காட்டுகின்றன.

என்ன தெரியாது? அந்தக் கிடங்கில் கிடந்த மூட்டைகளை அனுப்பியவர்கள் யார் என்று தெரியாது. ரோமின் சமையலறை ‘இயங்கியது’ என்பது என் ஆசையே தவிர சான்று அன்று.

ஆகவே, என் இரண்டு வாக்கியங்களையும் நானே அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்: ‘இங்கே மிளகுக் கிடங்கு இருந்தது. ரோமுக்கு வந்த மிளகின் முக்கிய ஊற்று தென்னிந்தியாவின் மேற்குக் கடற்கரை. அங்கிருந்த முசிறித் துறையைத் தமிழ், கிரேக்கச் சான்றுகள் இரண்டும் குறிப்பிடுகின்றன.’ பழைய வாக்கியத்தைவிடச் சத்தம் குறைவுதான். ஆனால், யார் எங்கே நின்று கேட்டாலும் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். நம் பெருமையைப் பேசும்போது பிறரைவிடக் கூடுதலாக நாம்தான் சான்று கேட்க வேண்டும் என்று இப்போது நம்புகிறேன். மிகைப்படுத்திச் சொன்ன ஒரு வாக்கியம் பொய் என்று தெரிந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

“இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?”

எங்கள் குழுவிலேயே ஒரு நண்பர் கடைசிவரை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. “வெயிலில் வரிசையில் நிற்கிறவருக்குச் செங்கல் முத்திரை எதற்கு? தண்ணீர்க் குழாய் எங்கே, நுழைவுச்சீட்டு எவ்வளவு என்று சொன்னால் போதும்,” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால், அந்த நடைமுறைத் தகவலையும் நாங்கள் தவறாகத்தான் எழுதியிருந்தோம். பாந்தியனுக்குள் போகக் கட்டணம் இல்லை என்று எழுதியிருந்தோம். 2023 ஜூலையிலிருந்து அங்கே சுற்றுப்பயணிகளுக்குக் கட்டணம் உண்டு. மாணவர் அட்டையைக் காட்டினால் கொலோசியத்தில் சலுகை கிடைக்கும் என்று எழுதியிருந்தோம். 18 முதல் 25 வயது வரையிலானோருக்கான அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குரியது. நம் மாணவர்கள் அதை நம்பிப் போயிருந்தால், சீட்டு முகப்பில் நின்று முழுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அதே சமயம், மாதத்தின் முதல் ஞாயிறு அரசாங்க அரும்பொருளகங்களிலும் தொல்லியல் தளங்களிலும் நுழைவு இலவசம் என்ற பயனுள்ள செய்தியை விட்டுவிட்டோம். எப்படித் தெரியும் என்ற கேள்வி பேரரசருக்கு மட்டுமன்று, நுழைவுச்சீட்டுக்கும் பொருந்தும்.

நண்பரும் நாங்களும் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒவ்வொரு பக்கத்தின் மேற்பகுதியில் நடைமுறைத் தகவல், அதைச் சரிபார்த்த தேதியோடு. நடுவில் சின்னத்தின் கதை. கீழே ஒரு சிறு பெட்டி. அதில் ‘இது எப்படித் தெரியும்?’ என்ற தலைப்பில் இரண்டு வரி. அவசரக்காரர் மேலே மட்டும் படித்துவிட்டுப் போகலாம். நேரம் உள்ளவர் கீழே வரட்டும்.

உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த திட்டப்பணிக்குத் தகவல் திரட்டும்போது, தாளின் வலப்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, ‘எப்படித் தெரியும்?’ என்று தலைப்பிடுங்கள். எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே கல்வெட்டு, செங்கல், பாட்டு, ஆவணம் என ஏதாவது ஒரு பதில் எழுதுங்கள். ‘ஓர் இணையப் பக்கம் சொன்னது’ என்பது மட்டுமே பதிலாக இருந்தால், அந்தப் பக்கத்துக்கு எப்படித் தெரியும் என்று இன்னொரு படி கீழே இறங்குங்கள். வேலை கூடும். பக்கங்கள் குறையும். எங்கள் கையேடும் கடைசியில் 24 பக்கத்திலிருந்து 16 பக்கமாகச் சுருங்கியது.

அந்தப் பதினாறு பக்கத்தை எடுத்துக்கொண்டு மாணவர்கள் ரோமுக்குப் போய் வந்தார்கள். திரும்பி வந்த ஒருவர் எனக்குப் படம் அனுப்பினார். குவிமாடத்தின் படமும் இல்லை, கொலோசியத்தின் படமும் இல்லை. ரொட்டிக்காரரின் கல்லறைச் சிற்பத்தில், குனிந்து மாவு உருட்டும் வேலையாட்கள். படத்தின் கீழே அவர் எழுதியிருந்த கேள்வி: “இவர்கள் கூலியாட்களா, அடிமைகளா? எப்படித் தெரிந்துகொள்வது?”

நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.